வேலியை எடுத்த பிறகு

அசெம்பிளி லைன்களில் கோபோட் நிறுவப்போகும் இளம் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஓசூரிலும் இன்றைக்குப் புதிதாக ஒரு லைன் போடுகிற இடங்களில் உங்கள் மேசைமீது ஒரு வரைபடம் விரிந்து கிடக்கிறது. அதில் ஆபரேட்டர் நிற்கிற வட்டத்துக்கும் ரோபோ நிற்கிற வட்டத்துக்கும் நடுவே கோடு கிடையாது. மனிதரும் கோபோட் என்ற இயந்திரக் கையும் ஒரே மேசையில் வேலை செய்யப்போகிறார்கள்.

கார் உதிரிபாக அசெம்பிளியில் ஆபரேட்டராகச் சேர்ந்து, லைன் லீடராகி, சூப்பர்வைசராக ஓய்வுபெற்றவன் நான். மொத்தம் 26 வருடம். கூண்டுக்குள் நின்ற ரோபோக்களை நிறைய வருடம் பார்த்தேன். கூண்டில்லாத கோபோட்டுகளோடு கடைசி ஆறு வருடம் வேலை பார்த்தேன். இந்த மடல் அந்த ஆறு வருடத்திலிருந்து வருகிறது.

கோபோட் வரவேண்டும் என்பதுதான் என் கட்சி. தலைக்கு மேல் கையைத் தூக்கி ஒரு ஷிப்டுக்கு ஆயிரம் ஸ்க்ரூ முறுக்கியவர்களின் தோள்பட்டையை நான் அறிவேன். வீட்டுக்குப் போய்த் தலைவாரக் கையைத் தூக்க முடியவில்லை என்று சொன்ன பெண்கள் என் லைனில் இருந்தார்கள். 2013-இல் அமெரிக்காவின் ஸ்பார்ட்டன்பர்க்கில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில், கார்க் கதவின் உள்பக்கம் ஈரத்தடுப்புத் தாளை உருளையால் அழுத்தி ஒட்டுகிற வேலையைக் கோபோட்டிடம் கொடுத்தார்கள். மணிக்கட்டைத் தின்கிற வேலை அது. அப்படிப்பட்ட வேலை நம் ஊரிலும் நூறு இருக்கிறது. எனவே கொண்டுவாருங்கள். ஆனால் கூண்டை எடுப்பதற்கு முன்னால், அந்தக் கூண்டு இத்தனை நாளாக என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதை ஒருமுறை யோசித்துப் பாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

கூண்டு உயிரைக் காத்தது. இது எல்லோருக்கும் தெரியும். 1979 ஜனவரியில் மிச்சிகனில் ஃபோர்டின் வார்ப்பட ஆலையில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற தொழிலாளி, பாகங்களை எடுக்க ரேக்கில் ஏறியபோது இயந்திரக் கை அடித்து இறந்தார். 1981-இல் ஜப்பானில் கவாசாகி ஆலையில் கென்ஜி உராடா இறந்தார். நம் நாட்டில் 2015-இல் மானேசரில், நகர்ந்துபோன ஒரு தகட்டைச் சரிசெய்ய ரோபோவின் பக்கம் போன இளைஞர் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் வேலி இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

அந்த வேலிக்கு இரண்டாவது வேலை ஒன்றும் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வேலிக்கு உள்ளே நடப்பது மெயின்டனன்ஸின் பொறுப்பு, வெளியே நடப்பது புரொடக்ஷனின் பொறுப்பு என்று அது பிரித்து வைத்திருந்தது. கதவைத் திறந்தால் ரோபோ நிற்கும். யார் திறந்தார், ஏன் திறந்தார் என்பது பதிவாகும். சண்டை வந்தால் வேலியைக் காட்டித் தீர்த்துக்கொண்டோம். வேலியை எடுத்த அன்றே அந்தப் பிரிவினையும் போய்விடுகிறது. பாகம் கோணலாக உட்கார்ந்தால் அது ஆபரேட்டர் வைத்த கோளாறா, கிரிப்பர் பிடித்த கோளாறா? கை மெதுவாக ஓடினால் அது புரோகிராமா, ஆபரேட்டர் கிட்டே நின்றதாலா? பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் பழி எப்போதும் சம்பளம் குறைந்தவர் தலையில்தான் விழும். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

கோபோட் என்ற பெயர் எப்படி வந்தது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1996-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கோல்கேட், மைக்கேல் பெஷ்கின் என்ற இரண்டு பேராசிரியர்கள் உருவாக்கிய கருவிக்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டது. அது தானாக நகராது. தள்ளுகிற பலம் மனிதருடையது. எந்தத் திசையில் போகலாம், எங்கே போகக்கூடாது என்று வழிகாட்டுவது மட்டும் கருவியின் வேலை. கனமான பாகத்தைத் தொழிலாளி தள்ளிக்கொண்டு வருவார், கருவி அதை இடிக்காமல் சரியான இடத்துக்கு வளைத்துக் கொண்டுபோகும். 2008-இல் டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபாட்ஸ் தன் முதல் கையை விற்றபோது கதை மாறிவிட்டது. இப்போது நகர்வது கை, ஒதுங்குவது மனிதர். பெயர் மட்டும் அதேதான்.

இனி ஓ-ரிங் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லைனில் ஒரு தண்ணீர் பம்ப் அசெம்பிளி. ஹவுசிங்கில் வட்டமாக ஒரு பள்ளம், அதில் ரப்பர் ஓ-ரிங்கை உட்கார வைக்கவேண்டும், மேலே மூடி, நான்கு ஸ்க்ரூ. அடுத்த ஸ்டேஷனில் காற்றழுத்திக் கசிவுச் சோதனை. ஓ-ரிங் வைக்கிற ஸ்டேஷனுக்கு ஒன்பது விநாடி. வேலைமுறைத் தாளில் ஒரே வரி: ஓ-ரிங்கைப் பள்ளத்தில் வைக்கவும். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

அந்த வேலையைக் கோபோட்டுக்குக் கொடுத்தோம். கேமரா பள்ளத்தைப் பார்க்கும், கிரிப்பர் ரப்பரை விரித்து வைக்கும். எட்டு விநாடிக்குள் முடிந்தது. எல்லோரும் கைதட்டினோம். ஏழு வருடமாக அங்கே நின்ற ஆபரேட்டரை பேக்கிங்குக்கு மாற்றினோம். மூன்றாம் நாளிலிருந்து கசிவுச் சோதனையில் ரிஜெக்ட் ஏறத் தொடங்கியது. கிரிப்பர் விரலை மாற்றினோம். விளக்கை மாற்றினோம். ரப்பர் கொடுக்கிறவரைக் கூப்பிட்டுத் திட்டினோம். ரோபோ நிறுவிய கம்பெனியின் பையன் இரண்டு வாரம் எங்கள் ஊர் லாட்ஜில் தங்கி இரவும் பகலும் பாயிண்ட்டுகளைத் திருத்தினான். ஒன்றும் நடக்கவில்லை.

ஒருநாள் டீ நேரத்தில் அந்த ஆபரேட்டர் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தார். ரிஜெக்ட் பெட்டியிலிருந்து ஒரு பம்பை எடுத்து மூடியைக் கழற்றி, பள்ளத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை சுற்றித் தடவினார். "பிசிறு இருக்கு சார்" என்றார். "எப்பவும் இருக்குமா?" என்று கேட்டேன். "எப்பவும் இல்ல. சில லாட்ல வரும். நான் தடவிப் பாத்துட்டுத்தான் போடுவேன். பிசிறு இருந்தா தனி டிரேல வச்சிருவேன், சாயங்காலம் ஸ்டோர் அண்ணன் எடுத்துட்டுப் போயிருவாரு."

ஏழு வருடமாக ஒரு தரச் சோதனை எங்கள் லைனில் நடந்திருக்கிறது. அதற்குத் தாள் இல்லை, பெயர் இல்லை, தனிச் சம்பளம் இல்லை. ஒன்பது விநாடியில் இரண்டு விநாடி அந்தக் கட்டைவிரலுடையது. வார்ப்பு அச்சு தேயத் தேயப் பிசிறு கூடும், அச்சை மாற்றினால் நின்றுவிடும். இந்த ஏற்ற இறக்கம் முழுக்க அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. ஸ்டோர் அண்ணன் எடுத்துப்போன டிரே எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. நாங்கள் கோபோட்டுக்குக் கற்றுக்கொடுத்தது தாளில் எழுதிய வேலையை. அவர் செய்துகொண்டிருந்தது வேறு வேலை.

இந்தக் கதை எங்கள் ஆலைக்கு மட்டும் நேர்ந்த ஒன்றில்லை. டெஸ்லாவில், பேட்டரியின்மேல் மெத்துமெத்தென்ற நாரிழைப் பாய் ஒன்றை வைக்க ரோபோ போட்டார்கள். மனித விரல் சட்டென்று பிரித்தெடுக்கிற அந்தப் பஞ்சுத் துண்டை ரோபோவால் ஒழுங்காக எடுக்கவே முடியவில்லை. அளவுக்கு மீறித் தானியங்கியாக்கியது தவறு, அது தன் தவறு என்று எலான் மஸ்க்கே 2018 ஏப்ரலில் ஒப்புக்கொண்டார். வளைகிற பொருள், நசுங்குகிற பொருள், ஒயரிங் ஹார்னஸ், ரப்பர் சீல், கனெக்டர் மாட்டும்போது விரலில் உணர்கிற அந்தச் சின்ன 'க்ளிக்' ஆகியவைதான் அசெம்பிளியின் உயிர். வெல்டிங்கிலும் பெயின்டிங்கிலும் ரோபோ எப்போதோ ஜெயித்துவிட்டது. அசெம்பிளியில் இன்னும் திணறுவதற்குக் காரணம் இதுதான்.

டொயோட்டாவின் மிட்சுரு கவாய் என்ற மூத்தவரையும் இங்கே சொல்லவேண்டும். 1966-இல் சேர்ந்தவர், கடைநிலையிலிருந்து மேலே வந்தவர். ஜப்பானில் உள்ள ஆலைகளில் சில இடங்களில் இயந்திரத்தை ஒதுக்கிவிட்டு, கிராங்க்‌ஷாஃப்ட் போன்ற பாகங்களைத் தொழிலாளிகள் மறுபடி கையால் அடித்து உருவாக்கும்படி அவர் செய்தார் என்று 2014-இல் செய்தி வந்தது. ரோபோவை வெறுத்து அவர் அப்படிச் செய்யவில்லை. கையால் செய்யத் தெரிந்தவரால்தான் இயந்திரத்தைத் திருத்தி மேம்படுத்த முடியும் என்பது அவர் கணக்கு. அந்தக் கைவேலையிலிருந்து கற்றதை வைத்துத் தானியங்கி லைனையே சுருக்கினார்கள். ரோபோக்களுக்குப் பேர்போன நாட்டில் இது நடந்தது என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்தது பாதுகாப்பு. விற்பனைக்கு வருகிறவர் உங்கள் முன்னால் கோபோட்டை ஓடவிட்டுத் தன் கையைக் குறுக்கே நீட்டுவார். கை பட்டதும் அது நின்றுவிடும். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்போடு ஆய்வை முடித்துவிடாதீர்கள். 2016-இல் வந்த ஐஎஸ்ஓ டிஎஸ் 15066 என்ற வழிகாட்டி, மனித உடலில் 29 இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு விசை, எவ்வளவு அழுத்தம் வரை போகலாம் என்று எண் கொடுத்தது. ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் நூறு தன்னார்வலர்களை வைத்து, வலி எங்கே தொடங்குகிறது என்று அளந்து எடுத்த எண்கள் அந்த அழுத்த வரம்புகளுக்கு அடிப்படை. அழுத்திப் பிடிக்கப்பட்டால் விரலுக்கு 140 நியூட்டன் வரை. முகத்துக்கு 65 மட்டுமே.

இப்படிப்பட்ட எண்களை நம் லைனில் வைத்துப் பாருங்கள். கோபோட் நிற்கிற வேலையிடத்தை, அதாவது செல்லை, எங்களுக்கு அமைத்துக் கொடுத்த பொறியாளர் ஆறடி உயரம். மேசை உயரமும் கையின் பாதையும் அவர் நின்று பார்த்து முடிவானவை. கோபோட்டின் முழங்கை அவருக்கு நெஞ்சளவில் போய்வந்தது. ஐந்தடிகூட இல்லாத எங்கள் ஆபரேட்டருக்கு அதே முழங்கை கன்னத்துக்கு நேராகப் போய்வந்தது. நெஞ்சுக்கு ஒரு எண், முகத்துக்கு அதில் பாதிகூட இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை, செல்லை முடிவு செய்வதற்கு முன்னால் அவரை ஒருமுறை அங்கே நிற்கச் சொல்லியிருந்தால் போதும்.

கையின் நுனியில் என்ன இருக்கிறது என்பது இன்னொன்று. கோபோட்டின் உடம்பு உருண்டையாக, மெத்தென்று இருக்கலாம். அது பிடித்திருக்கிற ஸ்க்ரூ டிரைவர் பிட் கூர்மையானது. அது எடுக்கிற தகட்டுக்குக் கத்தி போல் விளிம்பு உண்டு. அதே விசை ஒரு புள்ளியில் இறங்கினால் தோலைத் துளைக்கும். 2025-இல் புதுப்பிக்கப்பட்ட ஐஎஸ்ஓ 10218 இதனால்தான் ரோபோவைத் தனியாகப் பார்க்காமல், அது செய்கிற வேலை முழுவதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. கிரிப்பரை மாற்றினால், பாகத்தை மாற்றினால், ஆய்வை மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டும். நடுராத்திரியில் மாடல் மாறும்போது இதை யார் செய்வார்? ஆளின் பெயரை இப்போதே எழுதி வையுங்கள்.

வேகத்துக்கு வருவோம். ஆள் கிட்டே வந்தால் கோபோட் மெதுவாகும், அப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் உங்கள் எக்செல் தாளில் அது எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறது. 28 விநாடி என்று காட்டி அனுமதி வாங்கிய ஸ்டேஷன் லைனில் 40 விநாடி எடுக்கும். மேலே தொங்குகிற டார்கெட் போர்டில் எண் சிவப்பாகும். அப்புறம் நடப்பதை நான் சொல்கிறேன்: தரையோரம் இருந்து ஆளைக் கவனிக்கிற ஸ்கேனர் கண்ணில் படாமல் எப்படிச் சாய்ந்து நிற்பது என்று ஆபரேட்டர்கள் கற்றுக்கொள்வார்கள். காலைப் பின்னால் வைத்து இடுப்பை வளைத்து எட்டிப் பாகத்தை வைப்பார்கள். கோபோட் முழு வேகத்தில் ஓடும், போர்டு பச்சையாகும், எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று மாதத்தில் இடுப்பு வலி வரும். ஒருநாள் அடியும் படும். அடி பட்டவர் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தால் வாயைத் திறக்கவே மாட்டார். எங்கள் லைனில் ஒரு பையன் முழங்கையில் கன்றிப்போன காயத்தோடு ஒரு வாரம் முழுக்கைச் சட்டை போட்டு வந்தான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா லைன விட்டு எடுத்துருவீங்க சார்" என்றான். அந்த வார்த்தை இன்றுவரை என்னை உறுத்துகிறது. ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. நாங்கள் எடுத்திருப்போம்.

எனவே கோபோட் நிற்கிற ஒவ்வொரு தடவையையும் நஷ்டமாக எழுதாதீர்கள். எங்கே நின்றது, யார் அருகில் இருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நூல் அறுந்தால் தானே நிற்கிற தறியைச் செய்துதான் சாகிச்சி டொயோடா பெயர் வாங்கினார். நிற்கத் தெரிந்ததாலேயே அந்த இயந்திரத்துக்கு மதிப்பு.

பிரிட்டனைச் சேர்ந்த லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியல் அறிஞர் 1983-இல் எழுதிய ஒரு கட்டுரை உண்டு. சுலபமான வேலையை எல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, இயந்திரம் தடுமாறும்போது மட்டும் மனிதரைக் கூப்பிடுகிறோம். பழக்கம் விட்டுப்போன அவர் மிகக் கடினமான நேரத்தில் மிகத் திறமையாக நடந்துகொள்ளவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம் என்பது அதன் சாரம். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அது நம் லைனுக்கு எழுதியதுபோல இருக்கிறது. ஸ்க்ரூவைக் கோபோட் முறுக்குகிறது. மரை கெட்டுப்போனதை எடுப்பது மனிதர். வருடத்துக்கு மூன்று முறை மட்டும் கையால் முறுக்குகிறவருக்கு, மரை ஏறுகிறதா, வழுக்குகிறதா என்று எப்படித் தெரியும்? மாதத்தில் சில மணி நேரமாவது அவர் கையால் செய்யட்டும். அந்த நேரத்தைத் திட்டத்திலேயே எழுதுங்கள்.

கேமராவும் கற்கிற மென்பொருளும் சேர்ந்த பிறகு இன்னொரு கேள்வி வருகிறது. எங்கள் லைனில் ஒருமுறை, முலாம் போடுகிறவர் ஒரு லாட்டில் கொஞ்சம் நீலம் தூக்கலாகப் போட்டு அனுப்பினார். பாகத்தில் குறையே இல்லை. கேமரா எல்லாவற்றையும் ரிஜெக்ட் செய்தது. பத்தாவது பாகத்திலேயே ஆபரேட்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் கேமராவின் முடிவை மாற்றும் பாஸ்வேர்டு வெளியூரில் இருந்தது. ஒரு ஷிப்ட் முழுவதும் நல்ல பாகங்களைச் சிவப்புப் பெட்டியில் போட்டுக்கொண்டே நின்றார் அவர். இயந்திரத்தோடு அபிப்பிராய பேதம் வந்தால் மனிதர் என்ன செய்யலாம், எவ்வளவு தூரம் செய்யலாம், யாரைக் கூப்பிடலாம் என்று எழுதாமல் அறிவுள்ள இயந்திரம் என்று ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். அதே கேமரா ஆபரேட்டரின் கையையும் பார்க்கிறது என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எதற்குப் பார்க்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தைப் பற்றி நான் பேசாவிட்டால் இந்த மடல் பொய்யாகிவிடும். 2021 செப்டம்பரில் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை மூடப்போகிறோம் என்று அறிவித்தபோது, அந்தச் செய்தி இந்த வட்டாரத்தில் எத்தனை வீடுகளின் சாப்பாட்டுத் தட்டில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். அதற்குக் காரணம் ரோபோ இல்லை. ஆனாலும் கம்பெனி பஸ் ஒருநாள் காலையில் வராமல் போகலாம் என்று பார்த்துவிட்ட மக்கள் இவர்கள். பிளாஸ்டிக் சுற்றிய பெட்டி ஒன்று ராத்திரியோடு ராத்திரியாக லைன் ஓரம் வந்து இறங்கினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 9அ பிரிவு, ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர மாற்றம் செய்வதற்கு முன்னால் தொழிலாளருக்கு 21 நாள் முன்னறிவிப்புத் தரச் சொன்னது. பல பத்தாண்டுகளுக்கு முன்பே அந்தப் பிரிவை எழுதியவர்களுக்கு இந்த நாகரிகம் தோன்றியிருக்கிறது. சட்டம் கேட்கிற குறைந்தபட்சத்தோடு நிற்காமல், பெட்டி வருவதற்கு முன்னாலேயே உட்கார்ந்து பேசுங்கள். இந்த ஸ்டேஷனில் நிற்பவர் எங்கே போவார், அவர் சம்பளம் என்ன ஆகும், ஊக்கத்தொகைக் கணக்கு எப்படி மாறும் என்று. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். மழுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நல்ல வழி இருக்கிறது என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கும் வில்லைகளைக் குறைந்த விலையில் செய்வதற்காக 1992-இல் தொடங்கப்பட்டது. அங்கே கோபோட்டுகள் ஓடுகின்றன. அவற்றோடு வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கோபோட்டுக்குக் கற்றுக்கொடுக்கும் கைப்பலகையான டீச் பென்டன்ட்டைப் பிடிக்கப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. கையைப் பிடித்து இழுத்துப் பாதையைக் கற்றுக்கொடுக்கிற வசதி இந்த இயந்திரங்களில் வைத்திருப்பதே அதற்காகத்தான். ஆனால் அந்தப் பென்டன்ட்டை அலமாரியில் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொண்டால் அந்த வசதியால் யாருக்கு என்ன லாபம்?

எங்கள் ஓ-ரிங் ஸ்டேஷன் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அந்த ஆபரேட்டரை பேக்கிங்கிலிருந்து திரும்ப அழைத்தோம். ஹவுசிங்கைத் தடவிப் பார்த்து ஜிக்கில் வைப்பது அவர், ரப்பரை விரித்து உட்கார வைப்பது கோபோட். அவர் தனியே வைக்கிற டிரேக்கு ஒரு பதிவேடு போட்டோம். அதைக் காட்டித்தான் வார்ப்பு கொடுப்பவரிடம் அச்சு மாற்றும் தேதியை முன்னால் இழுத்தோம். ஸ்டேஷனின் நேரம் பதினோரு விநாடி ஆனது. மேலிடத்தில் அந்த இரண்டு விநாடிக்காக நான் மூன்று கூட்டம் உட்கார்ந்தேன். கடைசியில் கசிவு ரிஜெக்ட் கணக்கை மேசைமேல் வைத்த பிறகு விட்டார்கள்.

அடுத்த செல்லின் வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்காக ஒன்று செய்யுங்கள். இரவு ஷிப்டில், இரண்டு மணிக்கு மேல், லேப்டாப் இல்லாமல் அந்த ஸ்டேஷனுக்குப் போங்கள். ஒரு ஸ்டூலைப் போட்டு ஓரமாக உட்காருங்கள். அங்கே நிற்கிற அக்காவிடமோ தம்பியிடமோ, "இந்தத் தாளில் எழுதாத எதை நீங்கள் செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள். முதலில் ஒன்றுமில்லை சார் என்பார்கள். எழுந்து வந்துவிடாதீர்கள். டீ வரும் வரை இருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற அசெம்பிளி சூப்பர்வைசர் ஒருவன்